சின்னக்கானலுக்குக் கொண்டுபோன கல்

நாற்பது வருஷமாகக் கல்லில் பேர் வெட்டுகிறவன் நான். கொழிஞ்சாம்பாறையில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் ஆறுமுகம் கல் பட்டறை எங்கே என்று கேளுங்கள், கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கோயில் கும்பாபிஷேகக் கல், பள்ளிவாசல் கல், பஸ் நிழற்குடைக் கல், செத்தவர் கல் எல்லாம் என் பட்டறையிலிருந்து போனவைதான். ஒரே பாலத்தை மூன்று கட்சிக்காரர்கள் மூன்று தேதியில் திறந்தார்கள், மூன்று கல்லும் என்னுடையது. ஒன்றில்கூட எழுத்துப் பிழை கிடையாது. நான் படித்தது இரண்டரை வகுப்பு. பட்டம் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த தாளில் இருந்த பிழையை நான் திருத்தி வெட்டியிருக்கிறேன். அதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

அந்த இரண்டரை வகுப்பைப் படித்த இடம் சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரே அறைப் பள்ளிக்கூடம். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குக் கிழக்கே கல்குவாரி வேலைக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அந்த மலை ஏறவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, வேலை இருந்தது.

போன மாதம் முருகேசன் என்று ஒருவன் அங்கிருந்து போன் செய்தான். ஜீப் ஓட்டுகிறவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பள்ளிக்கூடம் மூடிப் பல வருஷம் ஆகிறதாம், பிள்ளைகள் வேனில் டவுனுக்குப் போகிறார்களாம். இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஆட்கள் தடுத்து, கேட்டு வாங்கி, கூரை மாற்றி, வாசகசாலை ஆக்கிவிட்டார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பள்ளிக்கூடத்தின் கதையை நாலு வரியில் சொல்லி வாசலில் ஒரு கல் வைக்க வேண்டும்.

"இங்கன படிச்சவுகள்ல நீங்கதான் பெரிய ஆளா வந்திருக்கீக அண்ணாச்சி" என்றான்.

உண்மையைச் சொல்கிற ஆளிடம் எப்படி மறுப்பது?

கதை எனக்கே தெரியும், நானே எழுதினேன். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளின் பேர் மட்டும்தான் தெரியாது. நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிட்டோம். முருகேசன் அந்த ஆயாவின் மகன் என்பதால் அவனிடமே கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வெள்ளையம்மாள்னு போட்டுருங்க" என்றான். மலையில் சிக்னல் கிடைக்காது என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கறுப்புக் கல், மூன்றடிக்கு இரண்டடி. வாசகம் இதுதான்:

"துரையின் குதிரை நின்ற இந்த அறை பிறகு பிள்ளைப்புரை ஆனது. அதன் பிறகு பள்ளிக்கூடம் ஆனது. இங்கே எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் ஆயா வெள்ளையம்மாள். கல் உபயம்: கொழிஞ்சாம்பாறை ஆறுமுகம்."

பிள்ளைப்புரை என்பது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை. உபயத்தை மற்ற எழுத்தைவிட ஒரு அளவு சிறியதாகத்தான் வெட்டினேன். பெரிதாக வெட்டினாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பது கிலோ கல்லைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. பாலக்காட்டில் வெல்ல மண்டி வைத்திருக்கும் காஜா ராவுத்தர் என் சிநேகிதர். மாதம் ஒருமுறை மறையூருக்கு வெல்லம் எடுக்கப் போகிறவர், சொந்த மினி லாரி, அறுபத்தைந்து வயதிலும் அவரே ஓட்டுவார். "மறையூர் வரைக்கும் போறவன் அப்பறமும் ரெண்டு வளைவு போறதுக்கு என்னுங்க?" என்றார். அந்த ரெண்டு வளைவு எத்தனை மணி நேரம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வியாழக்கிழமை கிளம்பினோம்.

நாங்கள் கேரளத்துக்காரர்கள். சின்னக்கானலும் கேரளம். ஆனாலும் போகிற வழியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து இட்லி தின்றுவிட்டுத்தான் மறுபடி கேரளத்துக்குள் வர வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சிக் கடையில் சட்னி நான்கு வகை வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒன்றுதான் வைப்பார்கள், ஆனால் கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். இங்கே நான்கையும் ஒருமுறைதான் ஊற்றினார்கள். மொத்தத்தில் கணக்கு ஒன்றுதான் என்றேன். ராவுத்தர் எனக்கு ஊற்றிய தேங்காய்ச் சட்னியைத் தன் இலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

காட்டுப் பாதையில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய எதுவும் அந்தச் சாலையில் சந்தனக் கட்டைதான். கல் என்று சொன்னோம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, காவலர் சாக்கை அறுத்தார். கல்தான் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அறுத்துவிட்டோமே என்பதற்காகவோ என்னவோ முழுசையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இந்தக் குதிரையை அப்புறம் எங்கே கொண்டு போனார்கள்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். "அதை எழுதவில்லையே" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். மறையூர் வருகிற வரைக்கும் எனக்கு அந்தக் குதிரை யோசனைதான். துரை ஜீப் வாங்கியதும் குதிரையை விற்றிருப்பார் என்று ராவுத்தர் முடிவு சொன்னார். வியாபாரிக்கு எல்லாமே விற்றதாகத்தான் இருக்கும்.

மறையூரில் மழை இல்லை. மலையில் இருந்தும் எங்கள் ஊரைப் போலவே காய்கிற இடம். கரும்பாலைக் கொட்டகைகளில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கொப்பரைப் பக்கத்தில் நின்ற பெரியவர் சூடான பாகைக் கரும்புத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். ராவுத்தர் நாக்கில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிஷம் ஆயிற்று. "உப்புத் தண்ணி பாய்ஞ்ச காட்டுக் கரும்புங்க இது, அடுத்த கொப்பரையப் பாக்கலாம்" என்றார். கொப்பரைக்காரர் கோபப்படவில்லை. "தெரிஞ்சவரு வந்துட்டாரு" என்று கூட நின்றவனிடம் சொன்னார். எனக்குத் தெரிந்து ராவுத்தர் எட்டாம் வகுப்பு. நாக்குக்கு எந்த வகுப்பும் கிடையாது. ஏழு கொப்பரை ருசி பார்த்து முடித்து, லாரி நிறையும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு மூணாறில் வண்டியை நிறுத்திவிட்டு ராவுத்தர் பள்ளிவாசலுக்குப் போனார். நான் லாரிக்குப் பின்னால் கல்லுக்குக் காவல். சாக்குதான் அறுந்து போயிற்றே, கல் வெளியே தெரிந்தது. சுற்றுலா வந்த ஒரு பெண் நின்று, தன் பிள்ளைகளுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கோயம்புத்தூர்க்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஏனுங்க, இது எந்தக் காலத்துக் கல்வெட்டுங்க?" என்றாள்.

"போன செவ்வாக்கிழமைம்மா."

அவள் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மூணாறு தாண்டி மேட்டில் ஏறும்போது லாரியின் கிளட்ச் போயிற்று. மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து, கையைத் துடைத்து, திங்கட்கிழமை என்றார். கோளாறு என்னவென்று கேட்டோம். அதற்கும் திங்கட்கிழமை என்றார். முருகேசனுக்குப் போன் போட்டேன், காலையில் ஜீப் கொண்டு வருவதாகச் சொன்னான். பக்கத்தில் கிடைத்த அறையில் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் தின்றுவிட்டு, ஆளுக்கு இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தோம். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் பனியன் போட்டாலே வேர்க்கும். குளிர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பல் தானாக ஆடியது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை வந்த ஜீப்பில் ஏற்கெனவே ஒரு புதுமணத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கோட்டயம் பக்கம், மலை பார்க்க வந்தவர்கள். முருகேசன் கல்லை முன்சீட்டில் நிறுத்திக் கயிற்றால் கட்டினான். லாரியிலிருந்து எடுத்த ஒரு பை வெல்லத்தோடு ராவுத்தரும், நானும் பின்னால் அந்தத் தம்பதிக்கு எதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.

முன்சீட்டு கேட்டுத்தான் பணம் கொடுத்தோம் என்று மாப்பிள்ளை மலையாளத்தில் முறையிட்டான்.

"அவங்க வயசானவங்க, வளைவுல வாந்தி எடுப்பாங்க" என்று கல்லைக் காட்டி முருகேசன் பதில் சொன்னான். பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கும் வேறு வழி இல்லை, சிரித்தான்.

நாலாவது வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒற்றை யானை ஒன்று சாலையோரம் யாருடைய வாழையையோ தின்றுகொண்டிருந்தது. முருகேசன் இன்ஜினை அணைத்தான். "அவரு சாப்பிட்டு எந்திரிக்கட்டும்." எனக்குப் பயம் கிடையாது. கல்லுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் ஜீப்பின் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். ராவுத்தரும் கல்லுக்காகவே இறங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து யானை காட்டுக்குள் போயிற்று. தம்பதியை அவர்கள் விடுதியில் இறக்கிவிட்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

லயம் அப்படியே இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு டிஷ். தேயிலைச் சரிவுக்கு எதிர்ப்பக்கம் புது விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆயா வாசலில் உட்கார்ந்து காந்தாரி மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். எண்பது வயது தாண்டியிருக்கும், கம்பளிக் குல்லாய். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது அவளே பாவாடை தாவணிதான், பதினாறு பதினேழு இருந்திருப்பாள்.

"யாரு, கல்லுடைக்கப் போன சண்முகத்தா மவனா? ஏலே, தொந்தி வச்சிட்டியே" என்றாள்.

இப்போது பதினொரு பேருக்கு வேலை கொடுக்கிற முதலாளி என்று சொன்னேன். "அப்ப உக்காரு" என்றாள்.

முதலில் பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கூட்டிப் போனாள். நல்ல கட்டடம், வெட்டுக் கல், சுண்ணாம்புச் சாந்து. நான் தட்டிப் பார்த்தேன், இன்னும் நூறு வருஷம் நிற்கும். குதிரையைக் கட்டிய இரும்பு வளையம் சுவரில் இருந்தது. உத்திரத்தில் தொட்டில் கட்டிய தேய்மானம் வரிசையாகத் தெரிந்தது. எங்கள் காலத்தில் அந்த அறையில் பாதி பிள்ளைப்புரை, பாதி பள்ளிக்கூடம். நடுவில் தடுப்பு கிடையாது. படிக்கிற ஒவ்வொருவன் கால் பெருவிரலிலும் ஒரு தொட்டில் கயிறு கட்டியிருக்கும். அ என்று சொல்லிக் காலை நீட்ட வேண்டும், ஆ என்று சொல்லி மடக்க வேண்டும். தொட்டில் நின்றால் குழந்தை அழும், குழந்தை அழுதால் எவன் படிக்கவில்லை என்று ஆயாவுக்குத் தெரிந்துவிடும். சிலேட்டு இல்லை. பாக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைத் தூளைத் தரையில் பரப்பி அதில்தான் எழுதினோம். எங்கள் விரல் எல்லாம் சாய நிறம்.

"வாத்தியார் ஒருத்தர் இருந்தாரே?" என்று கேட்டேன். ஞாபகம் இருந்தது, முகம் இல்லை.

"மூணு பேரு வந்தாங்க. ஒருத்தரை அட்டை கடிச்சுது, ஓடிட்டாரு. ஒருத்தருக்குக் குளிரு. மூணாமவரு பசாருல கடை போட்டுட்டாரு, மாசத்துக்கு ஒருநா வந்து கையெழுத்துப் போடுவாரு. பிள்ளைகள சும்மா எப்படி வைக்க? ஊருல நான் அஞ்சு வரைக்கும் படிச்சிருந்தேன். சொல்லிக் குடுத்தேன்."

ஆக, சம்பளம் வாத்தியாருக்கு, பேர் தோட்டத்துக்கு, வேலை ஆயாவுக்கு. எத்தனை வருஷம் என்று கேட்டேன். தங்கிப் பாடம் நடத்துகிற வாத்தியார் ஒருவர் வரும்வரை பத்தொன்பது வருஷம் என்றாள். எண்ணி வைத்திருக்கிறாள்.

கஞ்சி, கருவாடு, காந்தாரித் துவையல். சாப்பிட்டு முடித்துக் கல்லை இறக்கினோம். பள்ளிக்கூட வாசலில் சாய்த்து வைத்து, சாக்கை நீக்கி, என் துண்டாலேயே துடைத்தேன். ஆயா எழுத்தின்மேல் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தாள். பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

"கல்லு நல்லாருக்கு. இது எங்கக்கா பேரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளையம்மா எங்கக்கா. இந்தப் பள்ளிக்கூடத்த அவ பாத்ததே இல்ல."

முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் சத்தம் இல்லாமல் போனது சிக்னலால் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே வீடு வேண்டுமென்றால் செக்ரோல் என்கிற தொழிலாளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். பிள்ளைப்புரை ஆயா வேலை செக்ரோலில் மூத்தவள் வெள்ளையம்மாளுக்குத்தான் விழுந்தது. மூன்றாம் மாதம் அவள் சங்கரன்கோயில் பக்கம் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். பேர் வெட்டுப்பட்டால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும், பெற்ற கிழவனும் கிழவியும் தெருவில் நிற்பார்கள். அதனால் மறுநாள் காலை மஸ்டரில் கங்காணி "வெள்ளையம்மா" என்று கூப்பிட்டபோது தங்கச்சிக்காரி "இருக்கேன்" என்றாள். கங்காணி நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து புள்ளி போட்டார். அவ்வளவுதான். பாதி லயம் அப்படித்தான் ஓடியது. அப்பன் பேரில் மகன், மாமியார் பேரில் மருமகள். என் அம்மாவே என் பெரியம்மா பேரில்தான் கொழுந்து பறித்தாள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை, ஆள் மாறியது, அவ்வளவே.

இவள் மட்டும் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்துவிட்டாள். ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதார், பென்ஷன் எல்லாம் வெள்ளையம்மாள்.

"அப்ப உங்க பேரு என்ன ஆயா?"

"இசக்கி" என்றாள். சொல்லிவிட்டு, தனக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.

"அண்ணாச்சி, இத இப்படியே வச்சிருவோம்" என்றான் முருகேசன். "நாளைக்கு ஆபீசுல இருந்து ஆள் வாரான். எவனாவது எழுதிப் போட்டான்னா ஆள்மாறாட்டம்னு பென்ஷன நிப்பாட்டிருவான். வீட்டையும் கேப்பான். அறுவது வருசத்துக்கு மேல போட்டு வச்ச பூட்ட நாம எதுக்குத் தெறக்கணும்?"

"பென்சன் வெள்ளையம்மாளுக்கு வரட்டும். நான் வேண்டாம்ங்கலியே. பள்ளிக்கூடம் நடத்துனது நான்."

"எல்லாருக்கும் உன்னத் தெரியும்மா. பேருல என்ன இருக்கு?"

"எங்கக்கா ஒருதரம் செத்தாச்சு, அவ ஊருல. நான் செத்தா சர்ட்டிபிகேட்டுல அவதான் மறுபடியும் சாவா. அப்ப நான் எப்பம்ல சாவேன்?"

முருகேசன் கோபித்துக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டான்.

நான் முருகேசன் கட்சிதான் என்பதை மறைக்க மாட்டேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட, என் பட்டறையிலிருந்து வெளியே போன கல் ஒன்றுகூடத் திரும்பி உளி பார்த்ததில்லை. எழுத்தில் பிழை இல்லையே ஆயா, தகவல்தானே பிழை, அது கொடுத்தவர் பொறுப்பு என்று சொல்லிப் பார்த்தேன். ஆயா பிடிவாதம் பிடிக்கவில்லை. கல்லில் அக்கா பேர்மேல் ஒட்டியிருந்த சாக்கு நாரை நகத்தால் எடுத்துப் போட்டாள்.

ராவுத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஆறுமுகண்ணே, தெரியாம வெட்டுனா சொன்னவன் பெசகுங்க. தெரிஞ்சும் உட்டுட்டுப் போனா, அது வெட்டுனவன் பெசகுங்க. நாப்பது வருசத்துல ஒண்ணு கூட இல்லைன்னு பொள்ளாச்சியில இருந்து சொல்லிக்கிட்டே வாறீங்க."

பொள்ளாச்சிக்கு முன்பிருந்தே சொல்லி வந்தேன். ஆனால் அதைத் திருத்தவில்லை. உளி எங்கே என்று தேடினேன்.

உளியும் சுத்தியலும் எப்போதும் என் பையில் உண்டு. வெட்டுமிஷின் இல்லை. எதிர்ச் சரிவில் விடுதி கட்டுகிற இடத்துக்கு ராவுத்தர் நடந்து போனார். அங்கே இருந்தவர்கள் ஜார்க்கண்ட் ஆட்கள். ராவுத்தருக்கு இந்தி தெரியாது. அரை மணி நேரத்தில் மிஷினும் ஒயரும், அதைத் தூக்கிவர இரண்டு ஆளுமாக வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். வெல்லம் கொடுத்தேன் என்றார்.

பளபளப்பான கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. அந்தப் பேர் இருக்கிற இடத்தை ஒரு கட்டமாகப் பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்துக்குள் புதுப் பேர் வெட்ட வேண்டும். கட்டம் போட்டு மிஷினை வைத்தேன். புழுதி கிளம்பிக் கண்ணை மறைத்தது. அப்போது பக்கத்திலிருந்து யாரோ பிளேடில் தண்ணீர் விட்டார்கள். பார்த்தால் முருகேசன், கையில் ஜீப்பில் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில். அது தீர்ந்ததும் போய் இன்னொன்று கொண்டுவந்தான்.

பள்ளம் காய்ந்ததும் ஆயாவிடம் சாக்கட்டியைக் கொடுத்து, நீங்களே எழுதுங்கள், அதன்மேல் நான் வெட்டுகிறேன் என்றேன். கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மளமளவென்று எழுதினாள். எழுதியது வெள்ளையம்மாள்.

நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளும் பார்த்தாள். "கையிக்கு வேற தெரியல" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் துடைத்தாள். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். இ. ச. க. புள்ளி வைக்க மறந்து திரும்பி வந்து வைத்தாள். அப்புறம் கி. வரி கொஞ்சம் மேல்நோக்கிப் போயிற்று. நேராக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

நாலெழுத்துதான். பொழுது சாயும்வரை ஆயிற்று. பெரிய பேர் இருந்த இடத்தில் சின்னப் பேர் வந்ததால் பள்ளத்தில் பாதி சும்மா கிடந்தது. அங்கே ஒரு பூ வெட்டட்டுமா என்றேன். "கெடக்கட்டும். அக்கா இருந்த இடம்" என்றாள். என் வேலைகளிலேயே பார்வைக்குக் கோணலானது அந்தக் கல்தான். அதைப் போட்டோ எடுத்துப் பட்டறையில் மாட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு. வாழைக்குலை, மைக், சுண்டல். பஞ்சாயத்து மெம்பர் அம்மா மலையாளி, நல்ல தமிழ் பேசினார். தோட்ட ஆபீசிலிருந்து ஒரு கிளார்க் வந்திருந்தார். என்னைச் சிறப்பு விருந்தினர் என்று அறிவித்துச் சால்வை போர்த்தினார்கள். நான் பேச எழுந்து, குவாரியில் கூலிக்குச் சேர்ந்தது முதல் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வெட்டுமிஷின் வாங்கிய கட்டத்தில் ராவுத்தர் கை தட்டினார். கூட்டமும் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து, "முன்னாள் பிள்ளைப்புரை ஆயா திருமதி வெள்ளையம்மாள்" என்று கூப்பிட்டார்கள். ஆயா எழுந்து, "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்தாள். மெம்பர் சால்வை போர்த்திவிட்டு, கல்லின் மேலிருந்த துணியை விலக்கினார். மைக்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "இங்கே எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் ஆயா இசக்கி."

படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இசக்கி ஆரா?"

கூட்டத்தில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். சுண்டல் தின்றவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"எங்க ரிஜிஸ்டர்ல இப்படி ஒரு ஆளே இல்லையே. பிள்ளைப்புரையில இருந்தது வெள்ளையம்மாள் மட்டும்தான். கல்லு வெட்டினதுல தப்பு வந்திருக்கு."

தப்பு என்ற வார்த்தையைக் கேட்டு நான் எழுந்திருக்கப் போனேன். முருகேசன் என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஆயா கிளார்க்கைப் பார்த்தாள்.

"தப்பு இல்ல சார். அவ என் தங்கச்சி."

"தங்கச்சியா? செக்ரோல்ல பேரு இல்லையே?"

"எப்படி இருக்கும்? அவளுக்குச் சம்பளமே கெடையாதே. நான் பிள்ளைகளப் பாத்துக்கிடுவேன், அவ பாடம் சொல்லிக் குடுப்பா. பத்தொம்போது வருசம்."

கிளார்க் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டையா, "ஆமா சார், அந்தப் பிள்ளைதான் சொல்லிக் குடுக்கும்" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "நல்லா அடிக்கும் சார்" என்றார். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சம்பளம் இல்லாத ஆளுக்கு ரிஜிஸ்டரில் என்ன வேலை என்று கிளார்க்கும் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவங்க இப்ப எங்கே இருக்காங்க?" என்று மெம்பர் கேட்டார்.

"இங்கனதான் இருக்கா. கூட்டத்துல பேசமாட்டா."

மெம்பர் தலையை ஆட்டிவிட்டு வாசல் ரிப்பன் பக்கம் திரும்பினார். ஆயா நகரவில்லை.

"அம்மா, எனக்குப் போத்திட்டீக. பாடம் சொல்லிக் குடுத்தது அவல்லா? அவளுக்கு?"

மெம்பர் மேஜையைப் பார்த்தார். சால்வை இரண்டுதான் வாங்கியிருந்தார்கள். ஒன்று ஆயாமேல் இருந்தது. மற்றது என்மேல் இருந்தது. நல்ல சால்வை, ஓரத்தில் ஜரிகை. ஊருக்குப் போய்க் காட்டலாம் என்று மடிப்பு கலையாமல் வைத்திருந்தேன்.

எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தங்கச்சிகிட்டக் குடுத்துருங்க" என்றேன்.

"குடுத்துருதேன்" என்று வாங்கி, ஏற்கெனவே போர்த்தியிருந்ததை ஒதுக்கி, இதை உள்ளே போட்டு, அதை மேலே இழுத்து விட்டுக்கொண்டாள்.